சந்தனம் பட்ட ரெக்கார்டு

சின்னவனே,

நேற்று நீ போனை வைத்த பிறகு அடுப்படியிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியவில்லை. "படையல் வேணும்னா நீங்க போட்டுக்கங்கம்மா. நான் நேரா மண்டபத்துக்கு வந்துர்றேன்" என்றாய். நான் வாயெடுப்பதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். சத்துணவுக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் எனக்கு. அந்த வாய் உன்னிடம் போனில் செல்லுபடியாகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் துண்டிக்க உனக்கு மனசு வராது என்று ஒரு நம்பிக்கை. கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் அதற்குப் புதுத்துணி வைத்துக் கும்பிட வேண்டும். வைத்துக் கும்பிட்ட வேட்டியை மாப்பிள்ளைதான் முதலில் கட்ட வேண்டும். உன் அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்தாயிற்று. விளக்குத்தூண் பக்கம் போய் நானே எடுத்தேன். கடைக்காரர் மாப்பிள்ளைக்கு என்ன அளவு என்று கேட்டபோது, யாருக்கென்று சொல்வது என்று தெரியாமல் உன் அளவையே சொன்னேன். நீ வராவிட்டால் அந்த வேட்டி மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கும். நீ வர மறுப்பது படையலுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த இலைக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்க உனக்குப் பிடிக்கவில்லை. அந்த ரெக்கார்டைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உன் அண்ணன் கண்ணனுக்கு இந்த ரெக்கார்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அவன் அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தான். ஒரு நாள் யாரோ ஒரு கிழவர், கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி உயிர் வரும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று தன் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை போன் வழியாக இவனுக்குக் கேட்கவிட்டாராம். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, இவன் கெட்டுப்போனான். வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, இதைக் கேளேன், இதைக் கேளேன்" என்று என் காதில் போனை வைத்தான். யாரோ மூக்கடைத்த மாதிரி பாடினான். "ஜலதோசமாடா அவனுக்கு?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது.

அப்புறம் பிளேயர் வந்தது, பெட்டி பெட்டியாக ரெக்கார்டு வந்தது. கோச்சடையில் நம் தெருவில் இட்லிக்கு மாவு கரைக்கும் நேரத்தில் வேறு எந்த வீட்டிலும் பாஞ்சோ கேட்டிருக்காது. தோல் கட்டின தந்தி வாத்தியம் பாஞ்சோ, பிடில், மடியில் படுக்கப்போட்டு இரும்பை உருட்டி வாசிக்கிற கிதார் என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொல்லிக்கொடுத்தான். "இது அந்த ஊரு பட்டிக்காட்டு ஆளுக பாட்டும்மா. மழை பேஞ்சுச்சா, பேயலையா, ஆத்துல வெள்ளம், நிலத்தை பேங்க்காரன் எடுத்துக்கிட்டான், அண்ணன் ஜெயிலுக்குப் போயிட்டான், குடிச்சே செத்தான். அம்புட்டுத்தான்" என்றான். நல்ல வார்த்தையே கிடையாதாடா என்றேன். "காதலும் இருக்கு. ஆனா அதுவும் வெளங்காது" என்றான். அவனிடம் ஒரு சட்டம் உண்டு, உனக்கும் ஞாபகம் இருக்கும். ரெக்கார்டு போட்டால் முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும் வரிசையாகக் கேட்க வேண்டும். பிடிக்காத பாட்டைத் தாண்டிப்போகக் கூடாது. நீ ஒரு தடவை லீவுக்கு வந்து ஊசியைத் தூக்கி நடுப்பாட்டில் வைத்ததற்கு உன் கையில் அடித்தான். "இது என்ன பஸ்ஸா, நடுவுல ஏறி நடுவுல எறங்க? அந்த ஆளு யோசிச்சு வரிசைப்படுத்தி வச்சிருக்கான்டா" என்றான். பஸ் ஓட்டின மனுஷன், உன் அப்பா, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் காய்ச்சல். அதை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, உனக்கும் அது வேண்டாம். காய்ச்சல்தானே என்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ரத்தத்தில் தட்டணு குறைந்துபோச்சு என்றார்கள். ரத்தம் கொடுக்க உன் சிநேகிதர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது கூரியர் வந்தது. கண்ணன் பேருக்கு ஒரு சதுரப் பெட்டி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்கிறான், வந்து சேர இத்தனை நாள் ஆகியிருக்கிறது. கூரியர்க்காரர் "சார் இருக்காரா?" என்று கேட்டார். அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நீ அதைப் பிரிக்கவிடவில்லை. "வருச நெனப்பு அன்னைக்கு எல்லாரும் உக்காந்து முழுசாக் கேப்போம், அண்ணன் கேக்காததை அண்ணனுக்காகக் கேப்போம்" என்றாய். அந்த வீட்டில் அன்றைக்கு உருப்படியாகப் பேசியது நீ ஒருத்தன்தான். அந்தப் பெட்டியை நம்பித்தான் அந்த வருஷத்தை ஓட்டினேன் என்று சொன்னால் நம்புவாயா?

வருஷப் படையல் அன்று காலையில் நீ கண்ணனின் சிநேகிதன் ரபீக்கைக் கூட்டிவரப் போயிருந்தாய். நான் குடல் குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, படத்துக்கு மாலை போட்டார். இலையில் பன் பரோட்டா, அவித்த முட்டை, அவன் கைக்கடிகாரம் என்று எல்லாம் வைத்தார். கடைசியாக அந்தப் பெட்டியைப் பிரித்தார். ரெக்கார்டை உறையிலிருந்து உருவினார். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, அந்தக் கறுப்புத் தட்டின் மேலே பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பொட்டின் நடுவில் குங்குமம் வைத்தார். உறையில் வைத்திருக்கலாம், பெட்டியில் வைத்திருக்கலாம். அவருக்குத் தோன்றவில்லை. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குப் பஸ்ஸுக்கு அவர் எங்கே சந்தனம் வைப்பார் என்று நீ பார்த்ததில்லையா? போர்டில் வைக்க மாட்டார். ஸ்டியரிங்கில், தன் கை படுகிற இடத்தில் வைப்பார். எது சோறு போடுகிறதோ, எது ஓடுகிறதோ, அதன் மேல்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே கைதான் இதையும் செய்தது. நான் அம்மியை விட்டு எழுந்து வந்து பார்த்தபோது அந்தப் பொட்டு காய ஆரம்பித்திருந்தது. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அழகாகத்தான் இருந்தது.

நீ வந்தாய். வாசலில் ரபீக் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். நீ கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. "அவன் ஒரு தடவகூடக் கேக்கலையேப்பா! நாசம் பண்ணிட்டீங்களே!" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இம்புட்டு வருசம் அவன் என்ன கேக்குறான்னு ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து கேட்டீங்களா? செத்தப்பெறகு சந்தனம் வைக்க மட்டும் வந்துட்டீங்க" என்றும் சொன்னாய். அப்பா கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். பரோட்டா ஆறி வறண்டுபோனது. அன்றைக்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீ சொன்னது உண்மை என்பதால் வரவில்லை.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார். ஈரத்துணியால் துடைத்தார். குங்குமம் போனது, சந்தனம் தட்டில் ஊசி ஓடுகிற கோட்டுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊக்கை நிமிர்த்தி, பல்லிடுக்கில் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு கோடாக நோண்டினார். சாயங்காலம் வரைக்கும் நோண்டினார். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் வாங்கவில்லை. மறுநாள் ரபீக் வந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அப்பா, சந்தனம் போயிருச்சு. கோடு அறுந்துருச்சு. இனிமே இது இப்படித்தான்" என்றான். வேறு ஒன்று வரவழைத்துத் தருவதாகவும் சொன்னான். "அது கண்ணன் வாங்குனதா ஆகாதுப்பா" என்று இவர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அழவெல்லாம் இல்லை. அன்றைக்கு இவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த நாள் காலையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பாஞ்சோ கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். அப்பா பிளேயருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டிலிருந்து கேட்டார். பாடுகிறவள் வயசான பொம்பளை, தொண்டையில் மணல் கிடக்கிற மாதிரி குரல். மூன்று பாட்டு நன்றாகப் போனது. நாலாவது பாட்டில், ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, மாடுகள் அக்கரையில் நிற்கின்றன என்று ஒருத்தி கூப்பிடுகிறாள் என ரபீக் பிறகு சொன்னான். அந்தப் பாட்டின் நடுவில் பிடில் தனியாக இறங்கிவரும்போது ஊசி மாட்டிக்கொண்டது. அதே இழுப்பு, ஒரு டக், மறுபடியும் அதே இழுப்பு. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு ஊசியை மெதுவாகத் தூக்கி ஒரு நூல் தள்ளி வைத்தார். பாட்டு தொடர்ந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பல் விளக்கவே போனார்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். கண்ணனின் பெட்டிகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார், வரிசைப்படி, ஒன்றைக்கூடத் தாண்டாமல். மனுஷனுக்கு இப்போது அபிப்பிராயம் வேறு! ஒருத்தன் பாடினால், "இவன் கியர் மாத்தாமயே மேடு ஏறுறான் பாரு" என்பார். இன்னொருத்தனைக் கேட்டால், "இவனுக்குப் பிரேக்கே கெடையாது, ஆளைக் கவுத்துப்புடுவான்" என்பார். ரயில் பாட்டு வந்தால் சக்கரம் எங்கே தண்டவாளம் மாறுகிறது என்று சொல்லுவார். வாடிப்பட்டியிலிருந்து பழைய கண்டக்டர் ஒருவர் பார்க்க வந்தார். அவரையும் பிடித்து உட்கார்த்தி ஒரு ரெக்கார்டு முழுக்கக் கேட்கவைத்தார். பாவம், அவர் காபியைக் குடித்துவிட்டு, "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மூன்று தடவை எழுந்து மூன்று தடவையும் உட்கார்ந்தார். சிரிப்பாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது இதில் ஒரு பங்கு கேட்டிருந்தால் அவன் எப்படி மகிழ்ந்திருப்பான் என்று நினைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கும் அது தெரியும். ஒரு நாள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "சின்னவன் சொன்னது சரிதான். நான் பக்கத்துல உக்காரவே இல்ல. அவன் என்னத்தையோ கேக்குறான், நமக்குப் புரியாதுன்னு நெனச்சேன். இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

இனி நான் சொல்லப்போவதை நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தை மீறுகிறேன், போகட்டும். தீபாவளிக்கு அரை நாள் வந்தாயே, சாப்பிடும்போது அவர் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். போகும்போது வாசலில் வைத்து என்னிடம், "அவருக்கு என் மொகத்தைப் பாக்கவே புடிக்கலைல்லம்மா" என்றாய். தம்பி, அவர் திரும்பி உட்கார்ந்தது ரசம் குடிக்க. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்கூடப் பாதி மார்பில் சிந்துகிறது. அதை நீ பார்த்துவிடக் கூடாது என்று திரும்பிக்கொண்டார். நரம்பில் வருகிற நோய். மாத்திரை கொஞ்சம் பிடித்து நிறுத்தும், குணமாக்காது, போகப்போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அலங்காநல்லூர் ரோட்டில் ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்கு நடுவில், ஆள் மேல் உரசாமல் பஸ்ஸை நகர்த்தின கை அது. இப்போது சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுகிறேன். நான் போடும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆவணியில் ஒரு நாள் வழக்கம்போல ஊசி மாட்டியது. அவர் தூக்கப் போனார். கை உதறி, ஊசி தட்டின் குறுக்கே கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போனது. கேட்க முடியாத சத்தம் அது. நல்லவேளை, பெரிய சேதம் இல்லை, இரண்டாவது பாட்டில் ஒரு கீறல் மட்டும்தான். ஆனால் அவர் கையை மடியில் போட்டுக்கொண்டு, "நான் இதைத் தொடவே கூடாது" என்றார். அதற்குப் பிறகு தொடவில்லை. நான்தான் தூக்கி வைக்கிறேன். கையில் மாவு இருந்தால் கழுவித் துடைத்துக்கொண்டு வரும் வரைக்கும் அந்தப் பிடில் அங்கேயே நின்று சுற்றும், அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஊசி தாண்டிப்போகிற அந்த இடைவெளியில் இருக்கிற பாட்டை ரபீக் எனக்குப் போனில் போட்டுக் காட்டினான். பெரிதாக ஒன்றும் இல்லை. பிடில் இறங்கி முடிகிறது, அவள் மூச்சு இழுக்கிறாள், மறுபடி பாடத் தொடங்குகிறாள். அப்பா அதைக் கேட்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார்.

நீ வரவில்லை என்று நேற்று அவரிடம் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு வராது. "இந்தா, அந்த ரெக்கார்டைத் தூக்கி மச்சுல போட்டுரு. இலையில வைக்க வேணாம். அதைப் பாத்துத்தான அவனுக்கு ஆத்திரம். நானும் அன்னைக்கு வாடிப்பட்டியில கண்டக்டர் வீட்டுல போயி இருந்துக்கிர்றேன். அவன் வந்து வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார். தன் மகனுடைய படையலுக்குத் தான் இல்லாமல் இருந்துகொள்கிறேன் என்கிறார், உனக்கு இது புரிகிறதா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரெக்கார்டை மச்சில் ஒளித்தால், அப்புறம் இவர் கையையும் எங்காவது ஒளிக்க வேண்டும். என் வீட்டில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

உனக்குக் கல்யாணம். புத்தி சொல்ல வேண்டியது என் கடமை, கேட்டுக்கொள். நீ கட்டப்போகிற பிள்ளை உன் வீட்டுக்கு வந்து, நீ உயிராக வைத்திருக்கிற எதையாவது ஒரு நாள் ஆசையோடு தொட்டுக் கெடுக்கும். உன் நல்ல சட்டையை வெந்நீரில் ஊறவைக்கும், உன் சிநேகிதனிடம் சொல்லக் கூடாததைப் பெருமையாகச் சொல்லிவிடும். அன்றைக்கு உன் வாயில் உண்மையான வார்த்தைதான் வரும். உண்மையாக இருப்பதால்தான் அது ஆளைக் கொல்லும். வாயை மூடிக்கொண்டு ஒரு நடை நடந்துவிட்டு வா. அந்தப் பிள்ளை பேசும்போது, பிடிக்காத இடம் வந்தால் ஊசியைத் தூக்கித் தள்ளி வைக்காதே. வரிசையாகக் கேள். இதை நான் சொல்லவில்லை, உன் அண்ணன் சொன்னது. அதைச் சொல்லிக்காட்ட ஒருத்தி கிடைக்காமலே அவன் போய்விட்டான்.

அப்பாவிடம் மன்னிப்புக் கேள் என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. அவரும் உன்னிடம் கேட்க மாட்டார், உங்கள் இரண்டு பேருக்கும் அது வராது. வெள்ளிக்கிழமை காலையில் படையல். வாடிப்பட்டிக்குப் போகவிடாமல் அவரைப் பிடித்து உட்கார்த்துவது என் பொறுப்பு. குடல் குழம்பும் பன் பரோட்டாவும் இருக்கும். வேட்டி இலைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ரெக்கார்டைப் பிளேயரில் போட்டுவிட்டுத்தான் சூடம் ஏற்றுவேன், முதல் பாட்டிலிருந்து. இரண்டாவதில் அந்தக் கீறல் டக்கென்றாலும் மூன்று பாட்டு நன்றாகப் போகும். நாலாவதில் பிடில் இறங்கும்போது மாட்டிக்கொண்டு சுற்றும். அப்பா எழுந்திருக்க மாட்டார், ஒரு கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நானும் எழுந்திருக்க மாட்டேன். எத்தனை நேரம் சுற்றினாலும் சுற்றட்டும் என்று விட்டுவிடுவேன்.

நீ வந்து தூக்கி வை.

அம்மா